கோட்பாட்டு வாரிசு

கோட்பாட்டு வாரிசுச் சான்றிதழ் வாங்க எஸ்தர் டீச்சர் தாலுகா அலுவலகத்துக்கு நான்கு முறை போக வேண்டியிருந்தது. முதல் முறை போனபோது எழுத்தர் விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"சொத்து வாரிசா, கோட்பாட்டு வாரிசாம்மா?"

"கோட்பாடு."

"இறந்தவருக்கு எத்தனை கோட்பாடு?"

"ஒண்ணுதான்."

"வெளியூர்ல வேற எதுவும் இல்லையே? அப்புறம் யாராவது வந்து எனக்கும் பங்கு உண்டுன்னு நிப்பாங்க. போன வாரம்கூட ஒரு கேஸ்."

"இந்த ஒண்ணைக் கட்டி மேய்க்கவே அவருக்கு இருபத்திரண்டு வருஷம் ஆச்சு," என்றார் டீச்சர்.

எழுத்தருக்கு அந்தப் பதில் திருப்தியாக இருந்தது. ஆனாலும் இறப்புச் சான்றிதழ், ஓய்வூதிய ஆணை, அந்தக் கோட்பாடு இறந்தவருடையதுதான் என்று சொல்ல இரண்டு சாட்சிகள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, பாளையங்கோட்டை வெயிலில் மூன்று முறை அலையவிட்டார். நான்காவது முறை கையில் வந்த காகிதத்தில், 'காலஞ்சென்ற பேராசிரியர் சா. ஞானதுரை அவர்களின் தொல்லியல் கோட்பாட்டுக்கு அவரது மனைவி எஸ்தர் கிருபாமணி (64) ஒரே வாரிசு ஆவார்' என்று இருந்தது. அதை மடிக்காமல் பையில் வைத்துக்கொண்டு அவர் தென்னமெரிக்காவுக்கு விமானம் ஏறினார்.

எல்லாம் தடமி என்ற கருவி செய்த வேலை.

மண்ணில் ஒரு கால் பட்டால் அங்குள்ள மணல்துகள்கள் சற்றே சாயும். அடுத்த கால் மேலே விழுந்து அந்தச் சாய்வைப் பூட்டிவிடும். இப்படி ஒன்றன்மேல் ஒன்றாகக் கோடிக்கணக்கான மிதிகள், புத்தகத்தின் பக்கங்கள் மாதிரி, எல்லாத் தரைகளிலும் அடுக்கடுக்காக இருக்கின்றன. தடமி அந்தப் பக்கங்களைப் புரட்டிப் படிக்கும். யார், எந்தக் காலத்தில், எந்த எடையில், எந்தப் பக்கம் திரும்பி நின்றார்கள் என்று ஒளியுருவங்களாக எழுப்பிக் காட்டும். தொழிற்சாலைகளில் வேலையாட்கள் வீணாக நடப்பதைக் குறைப்பதற்காகத்தான் அதை முதலில் செய்தார்கள். அதனால் அது ஒவ்வொரு அசைவையும் இரண்டு பத்திகளில் பிரித்து எழுதும். ஒன்று பயன். மற்றது பயனிலி.

கருவி வீடுகளுக்குள் வந்தபோதும் அந்த இரண்டு பத்திகள் போகவில்லை. வாடகைக்கு விடுகிறவர்கள் பழைய குடியிருப்பாளரின் தரையைப் படித்தார்கள். பெண்வீட்டார் மாப்பிள்ளையின் அறைத் தரையைப் படித்தார்கள். தினமும் காலையில் அடுக்களைச் சுவரில், 'நேற்று உங்கள் வீட்டில் பயனிலி: பதினேழு நிமிடம்' என்று எழுத்து ஒளிரும். ஜன்னலோரம் போய்ச் சும்மா நின்றது, கதவுவரை போய்த் திரும்பியது, எதற்கு எழுந்தோம் என்பதை மறந்து மறுபடி உட்கார்ந்தது எல்லாம் அதில் அடக்கம். ஜனங்கள் வெட்கப்பட்டார்கள். பிறகு திருந்தினார்கள். 'பயனிலி பூஜ்யம்' என்று வாசலில் பலகை மாட்டிய வீடுகளுக்கு வாடகைகூட உயர்ந்தது.

தொல்லியலில்தான் பெரிய சேதம். பழங்காலத்து மனிதர்கள் எதற்குச் செய்தார்கள் என்று தெரியாத எதையும் 'சடங்கு' என்று எழுதிவிடுவது அந்தத் துறையின் நெடுநாள் வழக்கம். தடமியோ எல்லாவற்றுக்கும் ஒரு பயன் கண்டுபிடித்தது. பலிபீடம் துணி துவைக்கும் கல்லானது. அரியணை முடிவெட்டும் திண்டானது. உலகெங்கும் கோட்பாடுகள் மழைக்காலத்துச் சுவர்க்காரை மாதிரி உதிர்ந்தன. உயிரோடு இருப்பவர் தன் கோட்பாட்டுக்காகச் சண்டை போடலாம், செத்தவர் என்ன செய்வார் என்று சர்வதேசத் தொல்லியல் அவை யோசித்து, இறந்தவரின் கோட்பாட்டைப் பதிவேட்டிலிருந்து அடிக்கும்போது வாரிசு ஒருவர் உடனிருந்து கையெழுத்திட வேண்டும் என்று விதி செய்தது.

ஞானதுரையின் கோட்பாடு சாக்கபட்டாவைப் பற்றியது. ஆண்டிஸ் மலைமேட்டில், கடல் மட்டத்துக்குப் பன்னிரண்டாயிரம் அடிக்கும் மேலே, மரமே இல்லாத வெட்டவெளியில் அவர் ஒரு முற்றத்தைத் தோண்டி எடுத்தார். ஆளுயரம் கீழே இறங்கிய சதுரப் பள்ளம், சுற்றிக் கற்சுவர், நடுவே களிமண் தரை. இரண்டாயிரத்து நானூறு ஆண்டுப் பழமை. அந்தத் தரையில் கால்கள் சுற்றிச் சுற்றித் தேய்த்த ஒரு வட்டக் குழிவு இருந்தது. பனிமலையைக் கும்பிட்டு அவர்கள் ஆடிய ஆட்டத்தின் தடம் என்றார் ஞானதுரை. நானூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதினார். எஸ்தர் டீச்சர் அதை மூன்று முறை தட்டச்சு செய்தார். அவையின் பதிவேட்டில் ஒரு கோட்பாட்டுக்கு ஏழு சொல்தான் இடம். அந்த ஏழையும் நிரப்பியவர் டீச்சர்தான்: 'சாக்கபட்டா முற்றத்தில் மக்கள் பயன் கருதாமல் வட்டமாக ஆடினர்.'

ஒவ்வொரு வருஷமும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அவர் அங்கே, டீச்சர் இங்கே. இருபத்திரண்டு வருஷம், வருஷத்துக்கு மூன்று மாதம். அறுபத்தாறு மாதம் என்று விமானத்தில் உட்கார்ந்து டீச்சர் கணக்குப் போட்டார். ஆட்டம் உண்மையானால் அந்த அறுபத்தாறு மாதமும் ஒரு காரியத்துக்குக் கொடுத்தது. பொய்யென்றால் எதற்குக் கொடுத்தோம்? அதைத் தெரிந்துகொள்ளத்தான் அவர் முழங்கால் வலியோடு கிளம்பியிருந்தார்.

சாக்கபட்டாவில் அவரை வரவேற்றவர் அறவாழி. திண்டுக்கல்காரர், நாற்பது வயது, ஞானதுரையின் கடைசி மாணவர். இப்போது அவையின் மலைமேட்டு மண்டலக் கோட்பாட்டுக் கழிப்பு அலுவலர். இதுவரை நாற்பத்தொரு கோயில்களை அடித்திருந்தார்.

"நீங்க வராம இருந்திருக்கலாம் டீச்சர்," என்றார் அவர், பெட்டியை வாங்கிக்கொண்டு. "கையெழுத்தை அனுப்பியிருந்தாலே போதும்."

"என்னப்பா, அடக்கத்துக்குக் கையெழுத்து மட்டும் அனுப்புவாங்களா?"

அறவாழி தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கும் இந்த வேலை பிடிக்கவில்லை. சாரின் கோட்பாட்டுக்கு மட்டும் ஏதாவது ஆகி அது பிழைத்துவிடாதா என்று நான்கு மாதமாக விடுப்பு போட்டுத் தள்ளிப்போட்டுப் பார்த்தவர் அவர்.

முகாமின் சமையலும் முற்றத்தின் காவலும் ஃபௌஸ்தினாவிடம் இருந்தன. ஐம்பத்தெட்டு வயது, அந்த மலைமேட்டின் அய்மார இனப் பெண்மணி. அடுக்கடுக்காகப் பாவாடை, தலையில் காற்றுக்கு அசையாத ஒரு வட்டத் தொப்பி. டீச்சரின் காதில் மகன் வாங்கிக் கொடுத்த காதுபெயர்ப்பி இருந்தது. எந்த மொழியையும் தமிழாக்கும். அம்மாவுக்குச் சிரமம் வேண்டாம் என்று மகன் அதற்கு வீட்டுப் பேச்சையே கற்றுக்கொடுத்திருந்ததால், உலகத்தின் மறுகோடியில் ஒரு மலைக்காரி பாளையங்கோட்டை மார்க்கெட்டில் நிற்கிறவள் மாதிரி பேசினாள்.

"வாங்கக்கா. மூச்சு வாங்குதா? இந்த எலைத் தண்ணியக் குடிங்க. குடிச்சிட்டு மெதுவா நடங்க. இங்க ஓடுனவன் எவனும் உருப்பட்டதில்ல."

டீச்சர் கோக்கா இலைத் தேநீரைக் குடித்தார். மலைக்கிறுகிறுப்பு சற்றே அடங்கியது.

"எங்க வீட்டுக்காரரைத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாமலா? இருபத்திரண்டு வருஷம் என் கையாலதான சாப்ட்டாரு. உப்பு கொறைச்சல்னு ஒரு நாள் சொன்னதில்ல."

"வீட்டுல தெனமும் சொல்லுவாரு," என்றார் டீச்சர்.

மறுநாள் காலை தடமியை இறக்கினார்கள். கவிழ்த்து விரித்த குடை மாதிரி இருந்த அதை முற்றத்தின் நடுவே நிறுத்தினார் அறவாழி. மண்ணைத் தொடும் முன் பூமித்தாய்க்குக் கொடுக்க வேண்டும் என்று ஃபௌஸ்தினா ஒரு குவளை சாராயத்தைத் தரையில் ஊற்றினார். தடமி உடனே வாய் திறந்து, "திரவம் தெளிப்பு. பயன்: தூசி அடக்குதல்," என்றது.

"உங்க அப்பன் அடக்குனான் தூசி," என்றார் ஃபௌஸ்தினா. மிச்சத்தைக் கருவியின் காலில் ஊற்றினார்.

பிறகு ஒளியுருவங்கள் எழுந்தன.

முகமில்லாத, வெளிறிய உருவங்கள். பத்து, இருபது, முப்பது பேர். வட்டமாக நின்றிருந்தார்கள். ஆடினார்கள். குதிகாலை ஊன்றி, முன்பாதத்தை உருட்டி, இடுப்பை அசைத்து, ஒரே தாளத்தில் ஆடினார்கள். டீச்சர் ஓரடி முன்னால் வந்தார். ஞானதுரை சொன்னது அப்படியே நடக்கிறது. நானூற்றுப் பன்னிரண்டு பக்கமும் கண்முன்னே காலை எடுத்து வைக்கிறது.

ஃபௌஸ்தினா தொப்பியைச் சற்றே பின்னுக்குத் தள்ளினார்.

"கிழங்கு மிதிக்கிறாளுவ," என்றார்.



"என்னது?" என்றார் அறவாழி.

"உருளைக்கிழங்கு. ராத்திரி பனியில பரப்பி வெச்சு, வெறைச்சதும் காலையில மிதிச்சுத் தண்ணிய எடுக்குறது. காஞ்சா பத்து வருஷம் கெடாது. அந்தா பாருங்க, பெருவெரலை உருட்டுறா. அது தோலு உரிக்குறதுக்கு. எங்க சின்னம்மாவும் அப்படித்தான் உருட்டும்."

தடமி கொஞ்சம் யோசித்துவிட்டு அதையே சொன்னது. தரையில் கிழங்குக் கசப்பு ஊறியிருப்பதையும், குளிர்காற்று தண்ணீர் மாதிரி பள்ளத்தில் வந்து தேங்குவதால் வெட்டவெளியைவிட இங்கே கிழங்கு நன்றாக உறையும் என்பதையும் சேர்த்துக்கொண்டது. "பயன்: உணவு பதப்படுத்தல். பயனிலி: இல்லை."

"பக்கத்து மேட்டுல இன்னிக்கும் மிதிச்சிட்டு இருக்கோமே," என்றார் ஃபௌஸ்தினா. "உங்க சாரு தொப்பியைக் கழட்டிட்டு நின்னு பாப்பாரு. படம்கூட எடுத்தாரு. எடுத்துட்டு, இந்தக் குழிக்கு வந்து, இந்த வட்டம் என்னவா இருக்கும்னு தலையில கை வெச்சு உக்காருவாரு."

"இருநூறு அடி தூரம்," என்றார் அறவாழி மெல்ல. "நானும்தான் டீச்சர் பக்கத்துல உக்காந்திருந்தேன். தினமும் அந்தக் கிழங்கைத்தான் சாப்பிட்டோம். கண்ணு முன்னால நடக்கிறது பழங்காலமா இருக்கும்னு எங்களுக்குத் தோணவே இல்ல."

டீச்சர் விடவில்லை. கூட்டத்திலிருந்து விலகிப்போன ஓர் உருவத்தைக் காட்டினார். அது பனிமலையைப் பார்த்துத் திரும்பி, குதிகாலை உயர்த்தி, நெடுநேரம் நின்றது.

"அது கும்பிடுறதுதானப்பா?"

"பயன்: கெண்டைக்கால் பிடிப்பு நீக்குதல்," என்றது தடமி.

மதியம்வரை இருநூறு வருஷத்து மிதியைப் பார்த்தார்கள். ஒரு மிதி வீணில்லை. குதித்த குழந்தைகள் குளிருக்குக் குதித்தார்கள். சுற்றிவந்த கிழவர் லாமா என்ற சுமைவிலங்கு ஒன்றை விரட்டினார். பயனிலிப் பத்தி துடைத்துவிட்ட கரும்பலகை மாதிரி இருந்தது. டீச்சர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மடியில் கையைக் கோத்துக்கொண்டு, தேர்வில் தன் பிள்ளை எழுதிய தாளைத் தானே திருத்துகிறவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாப் பக்கத்திலும் தப்பு.

சாப்பாட்டுக்கு அதே கிழங்கைப் போட்டு ஃபௌஸ்தினா குழம்பு வைத்திருந்தார். கறுப்பாக, சுருங்கி, கடற்பஞ்சு மாதிரி இருந்தது.

"இதுக்கா அறுபத்தாறு மாசம்," என்று சொல்லி டீச்சர் ஒன்றை வாயில் போட்டார். மென்றார். "உப்பு கொறைச்சல்."

ஃபௌஸ்தினா சிரித்தார். "சாமிக்கு ஆடுனாத்தான் பெருமையாக்கா? எங்க ஆளுக கிழங்கை மிதிச்சதாலதான் பஞ்சத்துல சாகல. நான் இப்ப உங்களுக்கு ஆக்கிப் போடுறேன். அது சின்ன விஷயமா?"

"இல்லம்மா. அதை யாரும் சின்னதுன்னு சொல்லல. அவரு வேற ஒண்ணு சொன்னாரு, அது இல்லன்னு ஆயிப்போச்சு. அம்புட்டுதான்."

அறவாழி படிவத்தை எடுத்து மேசையில் வைத்தார். கழிப்புப் படிவம், எட்டுப் பக்கம். டீச்சர் மூக்குக் கண்ணாடியைத் தேடினார். அப்போது அறவாழி தலையைச் சொறிந்தார்.

"ஒரு சின்ன வேலை பாக்கி டீச்சர். மேலடுக்குவரைக்கும் படிச்சு முடிச்சாத்தான் அறிக்கை செல்லும். நடுவுல இரண்டாயிரம் வருஷம் மண் மூடிக் கிடந்தது, அதுல ஒண்ணுமில்ல. அதுக்கு மேல நாங்க தோண்டின காலம். அரைமணி நேரம். நீங்க படுங்க, நான் பாத்துட்டு வந்துடறேன்."

"நானும் வாரேன். பாதியில எந்திரிச்சுப் போற பழக்கம் எனக்கில்ல."

பிற்பகலில் குடை மறுபடி விரிந்தது. இரண்டாயிரம் ஆண்டு மூன்று நிமிடத்தில் காலியாக ஓடியது. பிறகு பூட்ஸ் கால்கள் வந்தன. மண்வெட்டிக்காரர்கள், மாணவர்கள், அளவெடுப்பவர்கள். மண்டியிட்டுத் தூரிகையால் மண்ணைத் தட்டுகிற ஓர் ஒளியுருவத்தைத் தடமி வெகுநேரம் ஆராய்ந்தது. உண்ணவில்லை, விதைக்கவில்லை, கட்டவில்லை. கடைசியில் அது, "பயன்: சம்பளம்," என்று முடிவுசெய்தது. அது தன்னுடைய உருவம்தான் என்பதை அறவாழி யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு அவர்கள் எல்லாரும் மறைந்தார்கள். முற்றத்தில் ஒற்றை உருவம் இருந்தது.

நல்ல எடை. இடது குதிகாலைச் சற்றே இழுத்து வைத்தது. கல்லூரி நாளில் வண்ணார்பேட்டை நிறுத்தத்தில் ஓடும் பஸ்ஸிலிருந்து இறங்கப் பார்த்து அடிபட்ட கால் அது. அறவாழி பெயர் சொல்வதற்கு முன்பே டீச்சர் எழுந்து நின்றுவிட்டார்.

உருவம் வட்டக் குழிவில் இறங்கி, நான்கு அடி நடந்து, நின்றது. மறுபடி நான்கு அடி நடந்து, நின்றது. அப்படியே ஒரு சுற்று, இன்னொரு சுற்று. பிறகு சுவரருகே போய் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு எடையை மாற்றிக்கொண்டு சும்மா நின்றது. போகப் போனது, திரும்பி வந்தது, மறுபடி நான்கு அடி. மறுநாளும் அதே நேரம், அதே இடம், அதே நடை. அதற்கு மறுநாளும். தடமி பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனது. இருபத்திரண்டு பருவங்கள். ஏறக்குறைய இரண்டாயிரம் மாலைகள்.

கருவியின் பின்னாலிருந்த விசிறி வேகமாகச் சுற்றியது.

"எதையும் மிதிக்கவில்லை," என்றது. "எதையும் அளக்கவில்லை. எங்கும் போய்ச் சேரவில்லை. பயன்: காணப்படவில்லை. பயனிலி: தொண்ணூற்றெட்டு விழுக்காடு. வகை: சடங்கு."

நாற்பத்தொரு கோயில்களில் ஒரு முறைகூட அது அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. அறவாழி சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர். சடங்குங்குது. இந்த முற்றத்துல சடங்கு நடந்திருக்குங்குது."

டீச்சர் கேட்கவில்லை. அவர் உருவத்தின் எதிரே போய் நின்றிருந்தார். அது நான்கு அடி நடந்து நின்றது.

"சாப்ட்டேன். நீங்க?" என்றார் டீச்சர்.

உருவம் நான்கு அடி நடந்தது. நின்றது.

"இல்ல, மழையில்ல. வெக்கைதான்."

நான்கு அடி. நின்றது.

"மணி நாலரைதான ஆவுது. பால்காரன் இனிமேத்தான் வருவான்."

மலைக்கிறுகிறுப்பு தலைக்கேறிவிட்டது என்று அறவாழி தண்ணீர் எடுக்க ஓடினார். ஃபௌஸ்தினா அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"பேசட்டும் விடுய்யா. சாயங்காலம் ஆறு மணியானா அவரு இங்கதான் இறங்குவாரு, போனைக் காதுல வெச்சுக்கிட்டு. மேல நின்னா காத்துல ஒண்ணும் கேக்காது. நின்னு பேசுனா குளிருல வெறைச்சுப்போவும். அதான் சுத்துறது."

செயற்கைக்கோள் வழியாகக் குரல் போய்ச் சேரவும் பதில் வரவும் ஆகிற நேரம் அந்த நான்கு அடி. இங்கே மாலை ஆறு மணியென்றால் பாளையங்கோட்டையில் மறுநாள் விடிகாலை நாலரை. தடமிக்குக் கால் தெரியும். காது கிடையாது.

உருவம் சுவரருகே போய் எடையை மாற்றிக்கொண்டு நின்றது.

"வையுங்க," என்றார் டீச்சர். உருவம் போகப் போய்த் திரும்பியது. "நீங்க வையுங்க மொதல்ல."

டீச்சர் வந்து உட்கார்ந்ததும் அறவாழி படிவத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தார். எப்போதும் போடும் கழிப்புப் படிவத்தைச் சுருட்டி வைத்துவிட்டு, இதுவரை பிரிக்கவே பிரிக்காத இன்னொரு கட்டிலிருந்து ஒன்றை உருவியிருந்தார். சடங்கு உறுதிப்பாட்டுப் படிவம்.

"டீச்சர், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பதிவேட்டுல எந்தக் காலம்னு போடல. சடங்கு நடந்திருந்தா போதும், கோட்பாடு நிக்கும். ஆனா ஒரு கேள்வி இருக்கு. 'இந்தச் செயலால் பொருள் ஏதும் பெறப்பட்டதா, செய்தி ஏதும் பரிமாறப்பட்டதா?' ஒரே ஒரு விஷயத்தை உங்ககிட்ட இருந்து அவர் தெரிஞ்சுக்கிட்டிருந்தாலும் அது பயன். எல்லாம் போயிடும். நான் வேணா 'நினைவில்லை'ன்னு போட்டுக்கறேன்."

"நெனைவில்லாம என்ன. எல்லாம் நெனைவிருக்கு," என்றார் டீச்சர். "பொய் எழுதாதப்பா. கேளு, சொல்லுதேன்."

"ஆராய்ச்சி பத்திப் பேசினாரா?"

"அது மின்னஞ்சல்ல வரும், நான் டைப் அடிக்க. போன்ல மாட்டாரு."

"அப்ப என்னதான் பேசுவீங்க?"

"சாப்ட்டியாம்பாரு. சாப்ட்டேன்பேன்."

"காலையில நாலரை மணிக்கு யாராவது சாப்பிட்டிருப்பாங்களா டீச்சர்?"

"மாட்டாங்க. அவருக்கும் தெரியும். கேப்பாரு. மழையாம்பாரு. ஜூன் மாசம் திருநெல்வேலியில என்ன மழை? பால்காரன் வந்தானாம்பாரு. வரமாட்டான்னு தெரியும்."

"முக்கியமான சேதி ஏதாவது? பையனைப் பத்தி?"

டீச்சர் யோசித்தார். நேர்மையாகவே யோசித்தார், முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளைப் பொய் சொல்லாதே என்று அடித்த கை.

"பையன் பன்னெண்டாப்புல கணக்குல ஃபெயிலானான். தூரத்துல கெடக்குற மனுசன்கிட்ட எதுக்குன்னு சொல்லல. திரும்பி வந்தப்புறம்தான் சொன்னேன். எனக்குக் கண்ணு ஆபரேஷன் ஆனதையும் சொல்லல. அவரும் அப்படித்தான். கடைசி வருஷம் இங்க ரெண்டு தடவை நெஞ்சு வலிச்சிருக்கு. டாக்டர் சீட்டைப் பொட்டியில பாத்துத்தான் எனக்குத் தெரியும். போன்ல, எப்படி இருக்கீயன்னா, நல்லாருக்கேன்பாரு."

ஃபௌஸ்தினா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

அறவாழி பேனாவை எடுத்தார். 'செய்தி பரிமாற்றம்: இல்லை' என்று எழுதினார். 'ஒரே நேரம், ஒரே இடம், மாறாத சொற்கள். இரண்டாயிரம் முறை.' பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "டீச்சர், விதிப்படி இது நூற்றுக்கு நூறு சடங்கு. சாரோட கோட்பாடு ஜெயிச்சிருச்சு," என்றார்.

டீச்சர் படிவத்தை வாங்கி, ஏழு சொற்களையும் விரல் வைத்துப் படித்தார்.

"'மக்கள்'னு இருக்கு."

"ஆமா, அதுதான் கொஞ்சம் இடிக்குது. அவர் ஒருத்தர்தானே."

"ரெண்டு பேரு. ஒருத்தி பாளையங்கோட்டையில இருந்தா. அது சரிதான்." விரலை நகர்த்தினார். "'பயன் கருதாமல்', சரி. 'வட்டமாக', சரி. 'ஆடினர்' தப்பு, நடந்தோம். ஆனா இந்த மனுசன் புஸ்தகத்துல எழுதினது எங்களைப் பத்தி இல்லப்பா. ரெண்டாயிரம் வருஷம் முந்தி இருந்தவங்களைப் பத்தி. அவங்க கிழங்கு மிதிச்சாங்க. அதையும் இதையும் ஒண்ணாப் போட்டு நான் எப்படி முழு மார்க் போடுவேன்?"

"அடிக்கப் போறீங்களா?"

"பூஜ்யமும் போட முடியாது. எடத்தைச் சரியாச் சொல்லிட்டாரே."

அவர் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, 'உறுதி', 'கழிவு' என்ற இரண்டு கட்டங்களையும் விட்டுவிட்டு, ஓரத்தில் எழுதினார்: 'இடம் சரி. காலம் தவறு. அரை மதிப்பெண்.' கீழே கையெழுத்திட்டார்.

அவையில் அரை மதிப்பெண்ணுக்கு விதி கிடையாது. எட்டு மாதம் கூடிப் பேசினார்கள். கடைசியில் சாக்கபட்டாக் கோப்பை முழுவதுமாக வெளியிட்டுவிட்டு, பதிவேட்டில் அந்த ஒரு வரியை மட்டும் அரைப்புள்ளி வைத்து விட்டுவிட்டார்கள்.

கோப்பைப் படித்த உலகம் வேறு விதமாக எடுத்துக்கொண்டது. இத்தனை வருஷமும் வெட்கப்பட்டு ஒழித்த பயனிலி அத்தனை மோசமில்லை போலிருக்கிறதே என்று ஒரு பேச்சு கிளம்பியது. தடமி செய்யும் நிறுவனங்கள் காற்று வீசும் பக்கம் திரும்பின. 'தினம் இருபது நிமிடம் பயனிலி, குடும்ப நலத்துக்கு' என்று விளம்பரம் வந்தது. ஜனங்கள் கடிகாரம் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றார்கள். கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்து, சாப்பிட்டாயா என்று இருபது நிமிடம் கேட்டுக்கொண்டார்கள். மறுநாள் காலை அடுக்களைச் சுவரில் எழுத்து ஒளிர்ந்தது: 'குடும்ப நலப் பயிற்சி. பயன்: இருபது நிமிடம். பயனிலி: பூஜ்யம்.'

கடிகாரத்தை மறைத்து வைத்துப் பார்த்தார்கள். பூஜ்யம். எண்ணைப் பார்க்காத மாதிரி நடித்துப் பார்த்தார்கள். தடமிக்கு நடிப்பும் ஒரு பயன்தான். பூஜ்யம். பயிற்சி வகுப்புகள் வந்தன. அதற்குக் கட்டணம் கட்டிப் போனவர்களுக்கு எண் இன்னும் இறங்கும் வழியிருந்தால் இறங்கியிருக்கும்.

அறவாழியின் திண்டுக்கல் வீட்டுச் சுவரிலும் பூஜ்யம்தான். அவர் வாரத்துக்கு ஒரு முறை பாளையங்கோட்டைக்குப் போன் செய்து எஸ்தர் டீச்சரிடம் வழி கேட்டார்.

"டீச்சர், நீங்க ரெண்டு பேரும் எப்படிச் செஞ்சீங்கன்னு படிப்படியாச் சொல்லுங்க. நான் எழுதிக்கறேன்."

"அதுல படி எதுவும் இல்லியேப்பா. சாப்ட்டியா?"

"சாப்பிட்டேன் டீச்சர். முதல்ல யார் ஆரம்பிப்பீங்க?"

"நெனைவில்ல. உம் பொண்டாட்டிக்கு இருமல் எப்படி இருக்கு?"

"பரவாயில்ல. குரலை ஏத்தி இறக்கணுமா?"

டீச்சர் ஒவ்வொரு வாரமும் ஒன்றுமே சொல்லித்தரவில்லை. அறவாழி ஒவ்வொரு வாரமும் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, எழுத ஒன்றும் கிடைக்காமல் மூடினார். மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டு எங்கே போனதென்று தெரியவில்லை. தேடிக்கொண்டே பேசினார். டீச்சர் கேக்குக்கு முந்திரி விலை ஏறிப்போனதைப் பற்றிச் சொன்னார். அவர் திண்டுக்கல்லிலும் ஏறியிருப்பதாகச் சொன்னார். மழையா என்று டீச்சர் கேட்டார். ஜன்னல் வழியாகச் சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. இல்லை என்றார் அவர். வெச்சிரட்டுமா என்று இருவரும் மூன்று முறை கேட்டுக்கொண்டார்கள்.

மறுநாள் காலை அறவாழியின் அடுக்களைச் சுவரில், 'பயனிலி: பதினோரு நிமிடம்' என்று எழுத்து ஒளிர்ந்தது. அவர் மனைவி குளியலறையிலிருந்து ஏதோ சொன்னாள். சரியாகக் கேட்கவில்லை என்று அவர் அந்தப் பக்கம் போனவர், அங்கேயே கதவில் சாய்ந்து பேசிக்கொண்டு நின்றுவிட்டார். எண் கொஞ்ச நேரம் ஒளிர்ந்துவிட்டு அணைந்தது.